நேற்றைய பாஸ்வேர்டு

வாளி உருண்ட சத்தம் முதலில்.

அலறல் அதற்கப்புறம்!

கூண்டுகளில் இருந்த அத்தனை நாய்களும் ஒரே நேரத்தில் குரைக்க ஆரம்பித்தன.

அலறியது, அந்த மிருக ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் அம்மாள். கொட்டிய பினாயில் தண்ணீர் ஆபரேஷன் அறையின் டைல்ஸ் மேல் மெதுவாக ஓடி, குப்புறக் கிடந்த டாக்டரின் கன்னத்தை நனைத்தது.

டாக்டர் துடைத்துக்கொள்ளவில்லை.

துடைத்துக்கொள்ளும் நிலையை அவர் தாண்டிப் போயிருந்தார்...

பின்கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் காலி சிரிஞ்சு. நேர் மேலே, சுவரோடு பதித்த மருந்து அலமாரி கதவு விரியத் திறந்து கிடந்தது.

மயக்க மருந்துகள் இருக்கும் அலமாரி அது. ஆறு எண்களைச் சரியாக அழுத்தினால்தான் திறக்கும். அந்த ஆறு எண்களும் தினமும் காலையில் மாறும். மாற்றுபவர் டாக்டர். தெரிந்தவரும் டாக்டர்.

டாக்டர் ஒருத்தர் மட்டும்!

அப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

*

பல் டாக்டரிடம் போக வேண்டிய இன்ஸ்பெக்டர், மிருக டாக்டரிடம் வந்து சேர்ந்தார்.

கடைவாய்ப் பல். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் சாதாரண நாளிலேயே அதிகம் பேசமாட்டார். இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால், தேவையானதை மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வார விடுமுறை. விடுமுறை நாளில், துடைக்க வரும் அம்மாளைத் தவிர, டாக்டர் மட்டும் விடிந்த பிறகு வருவார். கூண்டில் இருக்கும் நோயாளிகளுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்துவிட்டுப் போவார். வீடு பக்கத்துத் தெரு என்பதால் நடந்தே வருவார். இன்றைக்கு விடியும் முன்பே வந்துவிட்டார். முந்தின நாள் வயிற்றில் தையல் போட்ட ஒரு நாய் பிழைக்குமா பிழைக்காதா என்று அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். மனைவி அழுதுகொண்டே சொன்னது இவ்வளவுதான்.

நாய் பிழைத்துவிட்டது. கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டிக்கொண்டு, கூண்டுக்குள்ளிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசல் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். சாவி மொத்தம் மூன்று. ஒன்று டாக்டரின் சட்டைப்பையிலேயே இருந்தது. இன்னொன்று அவரிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டருடையது. அவர் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் மாட்டுப் பிரசவம் பார்த்துவிட்டு, முழங்கை வரை அழுக்கோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். பண்ணைக்காரருக்கு போன் போட்டு விசாரித்தாகிவிட்டது. ஆள் அங்கேதான் இருந்திருக்கிறார்.

மூன்றாவது சாவி... ரிசப்ஷன் பெண்ணுடையது.

அவள் தகவல் கேட்டு ஓடி வந்து, கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில் காலில் கட்டுப் போட்ட ஒரு பூனை படுத்திருந்தது. கொலை நடந்த இடம் என்ற மரியாதையே இல்லாமல் தூங்கியது.

இன்ஸ்பெக்டர் அலமாரிப் பூட்டிடம் போனார். அதில் ஒரு சின்னத் திரை. அம்புக்குறியை அழுத்தினால், கடைசியாக என்னென்ன எண்களை அழுத்தினார்கள் என்று காட்டும். பார்த்தார். ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் மட்டும் காட்டினார்.

590318 – தவறு.

274461 – சரி.

"இந்த நம்பருங்களைப் பாத்திருக்கியாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய் ஒன்று சொல்லியிருந்தால் அத்தோடு வீட்டுக்குக்கூடப் போயிருக்கலாம். அவளுக்கு அந்தக் கலை கைவரவில்லை.

"கீழ இருக்கிறது தெரியாது மேடம். மேல இருக்கிறது... நேத்து பாஸ்வேர்டு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நேத்து டாக்டர் அந்த நாய்க்குத் தையல் போட்டுட்டு இருந்தாரு. ரெண்டு கையிலயும் க்ளவுஸ். அவசரமா மருந்து வேணும்னு என்னைத் திறக்கச் சொன்னாரு. அவரு சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன்."

"தினமும் நம்பரை யார் முடிவு பண்றது?"

"யாரும் இல்ல மேடம். டாக்டர் கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோக்ராம் இருக்கு. அதை ஓட்டினா அதுவா ஒரு நம்பர் கொடுக்கும்."

"அந்த ப்ரோக்ராமை எழுதினது யாரு?"

அவள் கவுண்டரின் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான்."

கூட வந்திருந்த போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

*

சாயங்கால வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் எழுதிய முதல் ப்ரோக்ராமே அதுதான். அதற்கு முன்னால் டாக்டர் தன் பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அது தெரியாத ஆள் அந்தப் பூனை மட்டும்தான். இவள் ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்த அன்று, வந்த எல்லோரிடமும் அதைக் காட்டி டாக்டர் பெருமைப்பட்டார்.

சின்ன டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நாளாகவே மயக்க மருந்து அளவு குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பாட்டிலை மாற்றி வைத்தும் பார்த்தார்கள். பாஸ்வேர்டு தினமும் மாறியும் திருட்டு நிற்கவில்லை. உள்ளே இருக்கும் யாரோதான் என்று டாக்டர் நேற்றுத்தான் அவரிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர்? டாக்டர் செத்துப்போனார். சின்ன டாக்டர் மாட்டோடு இருந்தார். கூட்டித் துடைக்கும் அம்மாளிடம் சாவி கிடையாது. பெல் அடித்துத்தான் உள்ளே வருவார். இன்றைக்குக் கதவு வெறுமனே சாத்தியிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கே முதலில் சந்தேகம் தட்டியிருக்கிறது.

மிச்சம் ஒரே ஆள்!

"உன் சாவி எங்க இருந்துச்சு?"

"கைப்பையில மேடம். பை வீட்ல... இன்னிக்கு லீவுன்னு தூங்கிட்டு இருந்தேன்."

"தூங்கினதுக்கு சாட்சி?"

தூக்கத்துக்கு எந்த ஊரில் சாட்சி இருக்கும்?

இன்ஸ்பெக்டர் கணக்கை நேராகவே போட்டார். பழக்க தோஷத்தில் முதலில் நேற்றைய எண்ணை அழுத்தியிருக்கிறாய். பூட்டு கத்தியிருக்கிறது. பிறகு சரியான எண். ப்ரோக்ராம் உன்னுடையது, அதில் உனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு வழி வைத்திருப்பாய். டாக்டர் வந்து பார்த்துவிட்டார். கையில் ஊசி இருந்தது...

"நான் செய்யல மேடம்."

"எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க. பாடியை எடுத்ததும் ஜீப்ல ஏறணும். யாருக்காவது சொல்லணும்னா இப்பவே போன் பண்ணிக்கோ."

அவளுக்குச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான்.

*

அண்ணன் வந்தான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடப் பெண். அவன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவன். தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டான். இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ப்ரோக்ராம் எழுதுகிறான். ஆபீஸ் பூமியின் மறுபக்கம். அதனால் இவனுக்கு ராத்திரியெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். கண்கள் எந்நேரமும் சிவந்திருக்கும். லேப்டாப் பை தோளில் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டான்.

புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டு வரை பட்டன்.

"பாப்பா..."

அவ்வளவுதான். அதுவரை அழாமல் இருந்தவள் அவன் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவன் அவளைத் தட்டிக்கொடுத்தபடியே இன்ஸ்பெக்டரிடம் பேசினான். பதறவில்லை. தங்கை பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவள் என்றான். ப்ரோக்ராமில் ஏதாவது ரகசிய வழி இருக்கிறதா என்பதுதானே சந்தேகம், அதை இங்கேயே பார்த்துவிடலாமே என்றான். டாக்டருடைய கம்ப்யூட்டர் அவர் வைத்த பாஸ்வேர்டில் பூட்டிக் கிடந்தது. பரவாயில்லை, எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லித் தங்கை தனக்கு அனுப்பிய பிரதி தன்னிடம் இருக்கிறது என்றான்.

கவுண்டர் மேல் லேப்டாப்பைத் திறந்தான். எழுத்துகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, இன்ஸ்பெக்டருக்குப் புரிகிற மாதிரி விளக்கினான். இந்த வரி எண்களைக் குலுக்குகிறது. இந்த வரி ஆறு எண்களைப் பொறுக்குகிறது. இந்த வரி திரையில் காட்டுகிறது. வேறு ஒன்றுமே இல்லை.

ஓட்டிக் காட்டினான்.

318907.

மறுபடி ஓட்டினான்.

665240.

இன்னொரு தடவை.

092773.

"பாத்தீங்களா மேடம்? ஒவ்வொரு தடவையும் வேற வேற. எழுதினவளாலயே அடுத்தது என்னன்னு சொல்ல முடியாது. சுத்தமான ப்ரோக்ராம். ஒரு தப்புகூட இல்ல."

இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்போ இந்த நம்பரை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது?"

"சத்தியமா முடியாது."

"நேர்ல பாத்தாத்தான் தெரியும்?"

"ஆமா."

"டாக்டர் ரூமுக்குள்ள போய் வர்ற ஆள் பாத்திருக்கலாம்?"

அண்ணன் லேப்டாப்பிலிருந்து விரலை எடுத்தான்.

டாக்டர் அறைக்குள் போய் வருகிற ஆள் யார்? சாவி வைத்திருக்கிற ஆள் யார்? காப்பாற்ற வந்தவன், தங்கையை நாலு அடி முன்னால் தள்ளி ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தான்!

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவள் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னான்.

"பயப்படாதே பாப்பா. பெரிய வக்கீலா வைக்கிறேன். நீ பொண்ணு... ஜாமீன் சீக்கிரமே கிடைச்சிடும்."

அவள் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. திரையில் இருந்த மூன்று எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது.

"மேடம்..."

"என்னம்மா?"

"இந்த ப்ரோக்ராம்ல தப்பு இல்ல."

"அதைத்தான் உங்க அண்ணன் இவ்ளோ நேரமா சொல்லிட்டிருக்காரு."

"அதான் மேடம் இடிக்குது. என் ப்ரோக்ராம்னா தப்பு இருக்கணும்."

*

ரைட்டருக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருட சர்வீஸில், 'என்மேல் தப்பு இல்லை' என்று சொன்னவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். வேகமாக, எங்கே மறந்துவிடுமோ என்கிற மாதிரி.

அவள் முதலில் எழுதியது இப்படித்தான் இருந்தது. ஓட்டும்போதெல்லாம் வேறு எண் வரும். டாக்டர் காலையில் ஒரு எண்ணை வாங்கிப் பூட்டில் போட்டார். மதியம் மறந்துபோனார். அது என்ன எண் என்று பார்க்க ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினார். அது புதிதாக ஒன்றைக் கொடுத்தது! மேஜையில் அடிபட்ட நாய் ஒன்று ரத்தம் ஒழுகக் கிடக்க, மருந்து பூட்டிய அலமாரிக்குள்ளே. கடைசியில் பூட்டுக் கம்பெனி ஆள் வந்துதான் திறந்தார். டாக்டர் அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவளிடம் கோபப்பட்டார்.

நாள் முழுக்க எத்தனை தடவை ஓட்டினாலும் அன்றைய எண்ணே வர வேண்டும். நாளை வேறு எண் வர வேண்டும். அதற்கு என்ன செய்வது?

இரண்டு நாள் யோசித்து ஒரு வரி சேர்த்தாள்.

"கம்ப்யூட்டர் தானா குலுக்காது மேடம். அதுக்கு முதல்ல ஒரு தொடக்க எண் கொடுக்கணும். அங்கேருந்துதான் குலுக்க ஆரம்பிக்கும். ஒரே தொடக்க எண் கொடுத்தா, குலுக்கலும் ஒரே மாதிரிதான் வரும். நான்... அன்னிக்குத் தேதியைத் தொடக்க எண்ணா வெச்சேன்."

இன்ஸ்பெக்டரின் கை கன்னத்திலிருந்து இறங்கியது.

"அப்படின்னா தேதி தெரிஞ்ச எவனும்..."

"ப்ரோக்ராமும் கையில இருந்தா... ஆமா மேடம். எங்க உக்காந்து ஓட்டினாலும் அதே நம்பர்தான் வரும்." அவள் ஆபரேஷன் அறைப் பக்கம் பார்த்தாள். "எனக்கு இப்பதான் புரியுது. சாமர்த்தியமா எழுதிட்டோம்னு நினைச்சேன். டாக்டரை நானே கொன்னுட்ட மாதிரி இருக்கு."

அண்ணன் அவள் தலையைக் கோதினான். அவள் குழம்பிப்போயிருக்கிறாள் என்றான். அவள் தனக்கு அனுப்பியது பழைய பிரதியாகத்தான் இருக்க வேண்டும். அந்த வரியைத் தான் பார்த்ததே இல்லை என்றான்.

அவள் தன் போனை எடுத்தாள். அனுப்பிய மெயில்களில் தேடினாள். கிடைத்தது. அவனுக்கு அனுப்பிய ப்ரோக்ராம் அப்படியே இருந்தது. அந்த வரியும் இருந்தது, தேதியோடு. அதற்குக் கீழே அவனுடைய பதிலும் இருந்தது.

'சூப்பர் பாப்பா. ஒரு தப்புகூட இல்ல.'

ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதற்காகச் சாப்பாட்டு வேளை முழுக்கத் திட்டித் தீர்த்த அண்ணன் அவன். அவன் கண்ணுக்கு அந்த வரி மட்டும் எப்படித் தப்பும்?

அவன் லேப்டாப்பில் இருக்கும் பிரதியிலிருந்து அந்த வரி எப்படிக் காணாமல் போகும்?

புனல் மாட்டிய நாய் கூண்டுக் கம்பியில் இடித்துக்கொண்டது.

"ரைட்டர். பூனையைத் தூக்குங்க."

பூனை தூக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவள் மெயிலில் இருந்ததை அதில் ஏற்றிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டரே ஓட்டினார்.

274461.

மறுபடி.

274461.

மறுபடி...

274461!

செத்துப்போனவருக்கு மட்டுமே தெரிந்த எண். அது யார் கேட்டாலும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பினார்.

"இந்த ப்ரோக்ராம் டாக்டர்கிட்ட இருந்துச்சு. உன்கிட்ட இருந்துச்சு. அப்புறம் உங்க அண்ணன்கிட்ட."

*

அண்ணன் சிரித்தான்.

பயந்த சிரிப்பில்லை. சீட்டாட்டத்தில் கடைசிச் சீட்டைக் கையில் வைத்திருப்பவன் சிரிப்பு.

"சரி மேடம். உங்க சந்தேகம் நியாயம்தான். பாப்பா மெயில்ல இருக்கிற அதே ப்ரோக்ராமை என் லேப்டாப்லயும் போட்டு ஓட்டுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

லேப்டாப்பை அவனே நகர்த்தி வைத்தான்.

தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உள்ளுக்குள் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தாள். அதே எண் வரட்டும். 274461 வரட்டும். வந்தால் அது எல்லோருக்கும் வருகிற எண். அண்ணன்மேல் விசேஷமாக எதுவும் ஒட்டாது. வேறு எந்த எண் வந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு எண் மட்டும் வரக்கூடாது...

இன்ஸ்பெக்டர் பட்டனைத் தட்டினார்.

590318.

தங்கை கண்களை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" அண்ணன் கைகளை விரித்தான். "நீங்க இப்ப அங்க பாத்தது வேற நம்பர். இங்க வர்றது வேற நம்பர். என் லேப்டாப் எங்க ஆபீஸ் இருக்கிற ஊர் நேரத்துலதான் ஓடும். அங்க இன்னும் தேதி மாறல. இப்ப ஓட்டினாலும் காலையில ஓட்டினாலும் எனக்கு நேத்து நம்பர்தான் கிடைக்கும். இதை வெச்சு நான் எப்படி அலமாரியைத் திறந்திருக்க முடியும்?"

திரையின் மூலையில் தேதி இருந்தது. நேற்றைய தேதி.

இன்ஸ்பெக்டர் பல்வலியை மறந்து சிரித்தார். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"திறக்க முடியல தம்பி. அதனாலதான் பூட்டு கத்தியிருக்கு."

துண்டுத்தாளை அவன் முன்னால் வைத்தார்.

590318 – தவறு.

அவன் அதைப் பார்த்தான். பூட்டு தவறான எண்ணையும் ஞாபகம் வைத்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை!

"நேத்து நம்பர் இந்த ஆஸ்பத்திரிக்கு வெளிய யாருக்கும் தெரியாதுன்னுதான் உங்க தங்கச்சியைப் பிடிச்சேன். நேத்துலயே குடியிருக்கிற ஆள் ஒருத்தர் இருக்காருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எங்க, அந்தச் சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ரைட்டர் பட்டனைக் கழற்றி மடித்துவிட்டார். முழங்கை மடிப்பில் ஊசிக் குத்துகள்... பழையதும் புதியதுமாக.

சின்ன டாக்டர் பெருமூச்சு விட்டார். தங்கை விடவில்லை. மூச்சு விடுவதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு அவன் வந்து உட்காரும்போதெல்லாம் 'நேத்து எப்படிண்ணா இருக்கு?' என்று அவள் கேட்பாள். 'அப்படியேதான் இருக்கு பாப்பா' என்று அவன் சொல்வான். அந்த வீட்டில் இருந்த ஒரே ஜோக் அது.

*

அவன் உட்கார்ந்துகொண்டே சொன்னான்.

வருஷக்கணக்கில் ராத்திரி வேலை. பகலில் படுத்தால் தூக்கம் வராது. மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தங்கை ப்ரோக்ராமை அனுப்பினாள். அந்த வரியைப் பார்த்ததும் முதலில் அவளைத் திட்டத்தான் நினைத்தான். பிறகு அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

விடுமுறை நாளில் விடியும்போது, டாக்டர் வருவதற்கு முன்னால் வருவான். தங்கையின் பையிலிருந்து எடுத்த சாவி. லேப்டாப்பில் வருகிற எண். அந்த நேரத்துக்குப் பூட்டிலும் நேற்றைய எண்தான் இருக்கும். அவன் லேப்டாப்பிலும் நேற்று. இரண்டும் பொருந்திப்போனதால், அதில் இப்படி ஒரு சிக்கல் இருப்பதையே அவன் கவனிக்கவில்லை.

இன்றைக்கு டாக்டர் முன்னாலேயே வந்து எண்ணை மாற்றியிருந்தார். பின்பக்கம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் எண்ணுக்குப் பூட்டு கத்தியது. என்ன கோளாறு என்று இவனுக்கு உடனே புரிந்துவிட்டது. தேதியைக் கையால் மாற்றி ஓட்டினான். அலமாரி திறந்தது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தால்... சத்தம் கேட்டு வந்த டாக்டர் பக்கத்தில் நிற்கிறார்.

"திட்டினாரா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்ல மேடம். போலீஸுக்குப் போகமாட்டேன்னாரு. நல்ல இடத்துல சேத்து விடறேன், சரியாயிடும்னாரு."

"அப்புறம் ஏன்யா?"

அவன் தங்கையைப் பார்க்க முயன்றான். முடியவில்லை.

"பாப்பாகிட்ட சொல்லணும்னாரு. இப்பவே கூப்பிடறேன்னு போனை எடுத்துட்டுத் திரும்பினாரு. அவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு..."

அது குதிரையையே சாய்க்கும் மருந்து. அவன் தனக்கு ஒரு துளிதான் போட்டுக்கொள்வான். டாக்டருக்கு முழுவதும் போய்விட்டது. தங்கையின் போன் வந்ததும், தன் பிரதியிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறான்.

தங்கை அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு அவரைக் கொன்னே. சரி. அதுக்கப்புறம் என்னையே பிடிச்சுக் கொடுத்தியே அண்ணா."

"வெளிய எடுத்திருப்பேன் பாப்பா. சத்தியமா எடுத்திருப்பேன். அதுக்குத்தான் வக்கீல்..."

"ஒரு வரி சொல்லியிருக்கலாம். அன்னிக்கே. 'இது தப்பு பாப்பா, மாத்து'ன்னு. மாத்தியிருப்பேன். டாக்டரும் இருந்திருப்பாரு. நீயும் இருந்திருப்பே."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் நகரவும் இல்லை. ரைட்டர் அவன் மணிக்கட்டில் விலங்கை மாட்டும்வரை அங்கேயே நின்றாள். பிறகு போய்ப் புனல் மாட்டிய நாயின் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். டாக்டருக்காக அழுகிறாளா, அண்ணனுக்காக அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. நாய் கம்பி வழியாக அவள் விரலை நக்கியது.

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ரைட்டர் கைது ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தார். கவுண்டர் மேல் திறந்து கிடந்த லேப்டாப் கண்ணில் பட்டது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மறுபடி லேப்டாப். மறுபடி காலண்டர். மனுஷர் குழம்பிவிட்டார்.

"மேடம்... கைது பண்ணின தேதி எதைப் போடறது?"

இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தபடியே சொன்னார்.

"நம்ம தேதியைப் போடுய்யா. அவரு லேப்டாப் தேதிப்படி பாத்தா, கொலையே இன்னும் நடக்கல!"